திரை போட்ட கார்

1933 மே 14, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வந்தேன். போக மூன்று மைல் நடை, வர மூன்று மைல் நடை, நடுவில் நாலு மணி நேரக் குடும்பம். மச்சான் நடராஜா வீட்டில் என் மனைவி அன்னலட்சுமிக்கும் மகள் வடிவுக்கும் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. மாப்பிள்ளையான எனக்கு வாசலில் ஒரு கதிரை. நடராஜா முனிசிப்பல் கந்தோரில் வேலை பார்க்கிறவன். என்னைக் கண்டதும், "மச்சான், இன்னும் கார் ஷெட்டுலதான் படுக்கிறீங்களா?" என்று கேட்பான். மூன்று வருஷமாக இதே கேள்வி.

இன்று பதில் கொண்டு போனேன். மலைமேல் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என் சிநேகிதன் இராமநாதன் கடிதம் போட்டிருக்கிறான். தோட்டத்து லொறிக்கு ட்ரைவர் வேண்டுமாம். துரையிடம் என் பெயரைச் சொல்லிவிட்டானாம். குவாட்டர்ஸ் உண்டு, இரண்டு அறை. ஜூலை முதலாம் தேதி லைசன்சோடு வந்து நிற்க வேண்டும். கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அன்னலட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது, கடிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதாம்?" என்று கேட்டாள். அதை இராமநாதன் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், மடையன்.

முதலாளி தாஸிம் ஹாஜியாரிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் விடுகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான், தன் சொல் நடக்கிறவரை.

மே 17, புதன்

மழை. முதலாளி நாளைக்கு ரயிலில் கொழும்புக்குப் போகிறார், புடவைக் கடைக்குச் சரக்கெடுக்க. திங்கட்கிழமைதான் வருவார். நாலு நாள் ஹார்ன் அடிக்காத வாழ்க்கை.

மே 18, வியாழன்

சந்தோஷப்பட்டது தப்பு. முதலாளியை ஸ்டேஷனில் விட்டு வந்து கார் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகன் முனாப் ஷெட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். நாளைக்குத் தன் உம்மாவைப் பிலிமத்தலாவைக்குக் கூட்டிப் போக வேண்டுமாம், யாருக்கும் தெரியாமல்.

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். முதலாளியின் மகள் றலியாவைப் பிலிமத்தலாவையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாக விஷயமாகச் சம்பந்திக்கும் முதலாளிக்கும் சண்டை. அன்றிலிருந்து மகள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று சட்டம். றலியாவுக்கு ஆண் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதலாளியின் மனைவி ஹவ்வா உம்மா இன்னும் பேரனைப் பார்க்கவில்லை. ஏழு மைல் தூரம்.

சரி என்றேன். இதற்கு எப்படி இல்லை என்பது?

மே 20, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. எஞ்சினை எழுப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை தோல் உரிந்து கிடக்கிறது.

இந்தக் காரின் பின் ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் பச்சைத் திரை. என் ஸீட்டுக்குப் பின்னாலும் ஒரு திரை. மூன்று வருஷமாக ஹவ்வா உம்மாவை ஓட்டிக்கொண்டு போகிறேன், குரலைத்தான் தெரியும். "மகன், கொஞ்சம் மெதுவா" என்று திரைக்குள்ளிருந்து வரும். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

பிலிமத்தலாவையில் உம்மாவும் முனாப்பும் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். அதற்குள் வானம் பொத்துக்கொண்டது. திரும்பும்போது கிரிபத்கும்புர வயல் இறக்கத்தில் ரோட்டைக் காணோம். வயலும் ரோடும் ஒன்றாகிச் சிவப்புத் தண்ணீர் ஓடியது. கொஞ்சம் நின்று பார்ப்போம் என்றேன். முனாப் கேட்கவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து உம்மாவைத் தேடினால் வாப்பாவின் காதுக்குப் போய்விடுமே என்று அவருக்குப் பயம். முதல் கியரில் இறக்கினேன். மிதிபலகைக்கு மேல் தண்ணீர் ஏறியதும் எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

மேட்டில் கயிறும் கையுமாகப் பத்துப் பன்னிரண்டு கிராமத்து ஆட்கள் நின்றார்கள். வெள்ளம் வந்தால் அந்த இடத்தில் அவர்களுக்கு அதுதான் வேலை. லொறி, வண்டி எல்லாவற்றையும் தள்ளிக் கரையேற்றுவார்கள். "தள்ளு கரமுத, மாத்தயா?" என்று, தள்ளட்டுமா ஐயா எனச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்கள். ஐந்து நிமிஷ வேலை.

முனாப் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வராதே வராதே என்று கத்தினார். உள்ளே உம்மா, "அவங்க வரட்டும் மகன்" என்றார். முனாப், "உள்ளுக்குத் தண்ணி வந்தாலும் பரவால்ல, அந்நிய ஆம்புள இந்தத் திரைக்குக் கிட்ட வரப்படாது. வீரய்யா, ஹேண்டில போடு" என்றார்.

எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் நின்ற எஞ்சினை எழுப்பக் கூடாது என்று ஓட்டப் பழகிய முதல் வருஷமே அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்தும் இறங்கினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். வயர்களைத் தோள் துண்டால் துடைத்தேன். சுற்றினேன். சுற்றினேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் பிடித்தது. ஓடிவந்து ஏறினேன். "மிதி, மிதி, விட்டுடாதே!" என்று முனாப் கத்த, ஓங்கி மிதித்தேன். எதிர்ப்பக்கமிருந்து ஒரு அலை வந்து முகப்பில் மோதியது. உள்ளே ஒரே ஒரு அடி — ஆட்டுக்கல்லைக் கீழே போட்ட மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை.

அரை மணி நேரத்தில் தண்ணீர் ஸீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு என்ன செய்ய? அதே பன்னிரண்டு பேர்தான் கயிறு பிடித்தார்கள். முதலிலேயே அவர்களைத் தள்ள விட்டிருந்தால் உம்மாவின் நிழலைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது உம்மா இடுப்பளவு தண்ணீரில், முக்காடு நனைந்து தோளில் விழ, ஊரே பார்க்க இறங்கி நடந்தார். ஒரு வயதான ஆள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டாமல் தன் கம்பை நீட்டினார். நானும் முகத்தைத் திருப்பினேன். ஆனாலும் பார்த்துவிட்டேன். பயந்த முகமாக இல்லை. பேரனைத் தூக்கிவிட்டு வந்த முகமாக இருந்தது.

கூடார மாட்டு வண்டி ஒன்றைப் பிடித்தோம். வழியில் முனாப் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாப்பாக்குத் தெரிஞ்சா உம்மாவ அவங்கட ஊருக்கே அனுப்பிடுவார். நீ தனியா வந்ததாச் சொல்லு. கடைக்குப் பித்தளைத் தராசு வாங்க நான்தான் அனுப்பினேன்டு நான் சொல்றேன். ஒங்கட ஆக்கள் செய்ற மாதிரி சத்தியம் பண்ணு." வண்டிக்குள் உம்மா அழுகிற சத்தம். என்னுடைய பாழாய்ப்போன மனசு. "என் வடிவு தலைமேல ஆணையா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவ்வளவு பெரிய சத்தியத்தை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

இங்கே எழுதுவது சொல்வதாகுமா? ஆகாது என்று நினைக்கிறேன். நோட்டுக்குக் காது இல்லை.

மே 21, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டைக்குப் போகவில்லை. இரண்டு எருமை கட்டிக் காரை இழுத்து, பேராதனை ரோட்டிலுள்ள கராஜில் விட்டேன். கார் முழுக்கச் சேறு. பச்சைத் திரைகள் மட்டும் ஒழுங்காகத் தொங்குகின்றன.

மே 22, திங்கள்

முதலாளி வந்தார். கடைக்குள் கூப்பிட்டார். கணக்கர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். "எவன் சொல்லிக் கொண்டுபோன?" என்று கேட்டார்.

நான் முனாப்பைப் பார்த்தேன். முனாப் மேல் தட்டில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார், அதில் என்ன எழுதியிருந்ததோ, வாயைத் திறக்கவே இல்லை. பித்தளைத் தராசு எங்கே போயிற்று?

"நானாத்தான் போனேன், முதலாளி" என்றேன். வேறு என்ன சொல்வது? முனாப் அனுப்பினார் என்று நான் சொல்லி, அவர் இல்லை என்றால்?

லைசன்சைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "எஞ்சின் ஓடுற வரைக்கும் இது என்ட அலுமாரில இருக்கும். நீ மெக்கானிக்கோட நின்டு ஒடச்சத சரிபண்ணிக் குடு. பொறகு எங்க வேணும்டாலும் போ" என்றார். அலுமாரிச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

மே 25, வியாழன்

கராஜில் மெக்கானிக் பொன்னுத்துரை எஞ்சினைத் திறந்தார். யாழ்ப்பாணத்து ஆள், வாயில் சுருட்டு, பேச்சு குறைவு. நாலு சிலிண்டரில் இரண்டில் சேற்றுத் தண்ணீர். பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு ஒன்று வில்லாக வளைந்து, எஞ்சினின் பக்கத்தைக் குத்திக் கிழித்திருக்கிறது. ஓட்டையில் என் இரண்டு விரல் போகிறது.

பொன்னுத்துரை ஓட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது தண்ணியுக்கை நிண்ட எஞ்சினைத் திரும்ப எழுப்பினதாலை வந்த கேடு. நீர் தெரிஞ்ச ட்ரைவர். ஏன் எழுப்பினீர்?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன்.

"அந்த இறக்கத்திலை எந்த வெள்ளத்துக்கும் ஆக்கள் கயித்தோடை நிப்பினம். நானே நாலு தரம் தள்ளுவிச்சிருக்கிறன். ஏன் தள்ளுவிக்கேல்லை?"

அவர் சுருட்டை மறுபக்கம் மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மே 28, ஞாயிறு

அன்னலட்சுமியிடம் அதே பொய்யைச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு அந்த மழையில பிலிமத்தலாவ?" என்று கேட்டாள். சும்மா என்றேன். "சும்மா யாராச்சும் வெள்ளத்துல கார விடுவாங்களா?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கிறாள், ஹேவாஹெட்டவுக்கு. ஜூலைக்கு முன்னால் எஞ்சின் சரியாகிவிடும் என்றேன். அது இரண்டாவது பொய்.

ஜூன் 3, சனி

சாமான் கொழும்பிலும் இல்லையாம். சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆறு வாரம் என்கிறார் பொன்னுத்துரை.

ஆறு வாரம் என்றால் ஜூலை பாதி. கூட்டிப் பார்த்தேன், விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஜூலை முதலாம் தேதி முன்னாலேயே வந்து தொலைக்கிறது. வேறு லைசன்ஸ் எடுக்கலாமா என்று அரசாங்கக் கச்சேரியில் விசாரித்தேன். தொலைந்துபோனதற்கு முதலாளியிடம் ஒரு கடிதம் வேண்டுமாம். யாரிடம் போய்க் கேட்பது? பூட்டிவைத்தவரிடமா?

ஜூன் 5, திங்கள்

காலை கராஜ். மாலை கடை. ராத்திரி வெறும் ஷெட். கார் இல்லாத ஷெட்டில் காரைவிட நான்தான் அதிகமாக நிற்கிறேன்.

ஜூன் 7, புதன்

பட்ட காலிலேயே பட்டது.

பிலிமத்தலாவையிலிருந்து ஒரு முஸ்லிம் கடைக்கார நானா புடவை எடுக்க வந்தார். நல்ல மனுஷர், அக்கறையாகத்தான் கேட்டார். "ஹாஜியார், அன்டைக்கி வெள்ளத்துல ஒங்கட காரு நின்டத நான் தூரத்துல இருந்து கண்டேன். வீட்டு ஆக்களுக்கு ஒன்டும் இல்லியே? பாவம், அத்தன ஆம்புளகளுக்கு நடுவுல முக்காடு நனஞ்சி கயித்தப் புடிச்சிக்கொண்டு எறங்கினாங்க."

முதலாளி முழம் போட்டுக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "என்ட வீட்டு ஆக்கள் அன்டைக்கி வீட்டுலதான் இருந்தாங்க" என்றார்.

கடைக்கார நானா என்னைப் பார்த்தார். கணக்கர்கள் என்னைப் பார்த்தார்கள். முனாப் உள்ளறைக்குள் எழுந்து போய்விட்டார்.

"என்ட காருல, என்ட திரைக்குள்ள, எந்தப் பொம்புளய ஏத்திக்கொண்டு திரிஞ்சாய்?"

யாருமில்லை என்று சொன்னால் கண்ணால் கண்டவர் எதிரில் நிற்கிறார். இருந்தார்கள் என்றால் யார் என்று கேட்பார். நான் நின்ற இடத்தில் நின்றேன். வெள்ளத்தில் கார் நின்ற மாதிரியேதான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. முதலாளி என் மௌனத்தை எடுத்துத் தனக்கு வேண்டிய மாதிரி வெட்டிக்கொண்டார். "பொண்டாட்டி புள்ள உள்ளவன். வெக்கமில்லியா?" என்றார். கடைக்குள் ஒருத்தன் சிரித்தான்.

ஜூன் 9, வெள்ளி

நடராஜா கந்தோர் விட்டு நேரே கராஜுக்கு வந்தான். இந்தமுறை ஷெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "யாரு அந்தப் பொம்பள?" என்றான். பொன்னுத்துரை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். மரியாதை தெரிந்த ஆள். யாருமில்லை மச்சான் என்றேன். "அப்படின்னா எதுக்கு அங்க போனீங்க? கயித்தப் பிடிச்சு எறங்கினது பேயா?" என்றான். நான் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தேன். "இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 11, ஞாயிறு

போனேன். வராதே என்றால் போகாமல் இருப்பேனா? என் பெண்டாட்டி, என் பிள்ளை.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக அன்னலட்சுமிதான் பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. யாரு அது? கெட்டவளோ நல்லவளோ, யாருன்னு சொல்லிட்டா நான் எதையாவது நெனச்சு மனசத் தேத்திக்குவேன். நீங்க வாயே தொறக்கலன்னா நான் எதன்னு நெனைக்க?" என்றாள்.

உள்ளே வடிவு, "அப்பா வந்துருக்கா?" என்று கேட்கிறது. என் பிள்ளை தலைமேல் வைத்த ஆணை என் பிள்ளையைப் பார்க்க விடாமல் செய்கிறது. ஜன்னலும் சாத்திக்கொண்டது.

திரும்பி வருகிற மூன்று மைலும் முனாப்பைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். ஆற்றுப் பாலத்தில் நின்று சத்தமாகவே திட்டினேன். ஒரு மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஜூன் 13, செவ்வாய்

ஒரு யோசனை. இந்த நோட்டை நடராஜாவிடம் கொடுத்துவிட்டால்? அவனுக்கு வாசிக்கத் தெரியும். மே 20ஆம் தேதிப் பக்கத்தை மடித்துவைத்துக் கொடுத்தால் போதும். வாயால் ஒரு சொல்லும் சொன்னதாகாது.

சீ, யாரை ஏமாற்றுகிறேன்? கொடுத்தால் அது சொன்னதுதான்.

ஜூன் 14, புதன்

வடிவுக்குக் காய்ச்சலாம். கராஜுக்கு வந்த கட்டுகஸ்தோட்டை வண்டிக்காரன் சொன்னான். நேற்று அப்படி நினைத்ததாலா? எழுதியதாலா? ஐயோ, பிள்ளையாரப்பா, நான் யாரிடமும் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 17, சனி

காய்ச்சல் விட்டுவிட்டதாம். மூன்று நாளாக நோட்டைத் தொடவில்லை.

முனாப்பைப் பள்ளிவாசல் தெருவில் மறித்தேன். "ஐயா, என் குடும்பம் போகுது. உங்க வாப்பாகிட்ட நீங்க சொல்லலன்னாலும் என் வீட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன். "கொஞ்சம் பொறு வீரய்யா. கொஞ்ச நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார். யார் மறப்பார்கள்? அவர் ஏற்கெனவே மறந்துவிட்டார், அது தெரிகிறது. வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவசரமாகப் போனார்.

ஜூன் 18, ஞாயிறு

போகவில்லை. போய் எந்த ஜன்னலைப் பார்க்க?

ஜூன் 20, செவ்வாய்

முதலாளி வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். குசினி ஜன்னல் தட்டிக்குப் பின்னாலிருந்து, "மகன்" என்று குரல். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். தட்டிக்குக் கீழே ஒரு கை நீண்டது. கையில் என் லைசன்ஸ்.

"முதலாளி தூங்கக்குள்ள சாவிய எடுத்தேன்" என்றார் ஹவ்வா உம்மா. "இத வச்சிக்கொண்டு மலைக்குப் போங்க. கேட்டா நான் எடுத்தேன்டு சொல்லிக்கொள்றேன். என்ட வீட்டு அலுமாரிதானே."

வாங்கவில்லை. மனசில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. "இத வாங்கிக்கிட்டு நான் யாரோட போறது, உம்மா? ரெண்டு அறை குடுக்கிறாங்க. நான் ஒருத்தன் போய் ரெண்டு அறையில என்ன செய்ய? என் வீட்டுக்காரி கதவச் சாத்திட்டா. நான் எவளையோ கூட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்னு ஊரே பேசுது. என் புள்ள தலையில சத்தியம் பண்ணிட்டு நான் வாயத் தொறக்க முடியாம செத்துக்கிட்டிருக்கேன்."

நீட்டிய கை அங்கேயே இருந்தது.

"எவளையோன்டா சொல்றாங்க?" என்றார். குரல் மாறியிருந்தது. "என்னத்தான் அப்புடிச் சொல்றாங்களா? முனாப் எனக்கு ஒன்டும் சொல்லல்ல. காரு ஒடஞ்சதுக்கு வாப்பா ஏசினார்டு மட்டும்தான் சொன்ன." பிறகு, "ஒங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கட்டுகஸ்தோட்டை, பாலம் தாண்டி இரண்டாவது சந்து, வாசலில் முருங்கை மரம் என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை. "இதப் புடிங்க மகன், கை நோவுது" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 23, வெள்ளி

லைசன்ஸ் என் தலையணைக்குள். இப்போது அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இராமநாதனுக்கு வரவில்லை என்று எழுதிவிடலாமா? தபால் கார்டு வாங்கி வைத்தேன், எழுதவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

காலையில் நடராஜாவே கராஜ் வாசலில் வந்து நின்றான். "அக்கா வரச் சொல்லிச்சு" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலோ என்று அவனை முந்திக்கொண்டு நடந்தேன்.

கதவு திறந்திருந்தது. வடிவு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அன்னலட்சுமி அடுப்படியிலிருந்து வந்து, எனக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் வாசல்ல ஒரு சோனக அம்மா நிக்குது. முக்காடு, வேர்த்து ஊத்துது, கால்ல புழுதி. இது வீரய்யா வீடான்னு கேட்டுச்சு. உள்ள வந்து கதிரையில உக்காரச் சொன்னா உக்காரல, என் பக்கத்துல பாயில உக்காந்துச்சு. 'மகள், ஒன்ட புருசன்ட காருல இருந்த பொம்புள நான்தான்'னு சொல்லிச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிச்சு. பேரப் புள்ளயப் பாக்கப் போனது, தள்ள விடாதது, கயித்தப் புடிச்சது, நீங்க சத்தியம் பண்ணது. 'அவர் சொன்னா நீ நம்ப மாட்டாய், அதான் நான் வந்தேன்'னு சொல்லிச்சு."

எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். கார் கராஜில் கிடக்கிறதே.

"பஸ்ஸுல. தனியா. முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்துல கெளம்பிருச்சாம். பஸ்ஸுல எடமில்லையாம், ஆம்பளைங்களோட ஆம்பளையா நின்னுக்கிட்டே வந்துருக்கு. இறங்கின எடத்துலருந்து நாலு பேருகிட்ட வழி கேட்டுருக்கு. திரும்பிப் போறப்ப நான்தான் பஸ்ஸு வரைக்கும் போனேன். அதுக்கு ஏறத் தெரியல. எந்தக் கால மொதல்ல வைக்கிறதுன்னு கேட்டுச்சு. இடுப்பப் புடிச்சு ஏத்திவிட்டேன்."

அதுவரை தெம்பாகச் சொன்னவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். நடராஜா வெளியே போய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 29, வியாழன்

முதலாளியிடம் போய், நாளை மலைக்குப் போகிறேன் என்றேன். "லைசன்ஸ் இல்லாம அங்க போய் என்னத்த ஓட்டப் போறாய்?" என்றார். அலுமாரி பூட்டியிருப்பதால் லைசன்சும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறார். என் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "போ. பொம்புளப் பொறுக்கிய வச்சிக்கொண்டு எனக்கும் என்ன பிரயோசனம்" என்றார். கணக்கர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லில் அவர் வாயை அடைத்திருக்கலாம். வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு. ஹேவாஹெட்ட

அடுப்பு கிழக்குப் பக்கம். மழை சாய்ந்து அடித்தால் உள்ளே வரும் என்கிறாள் அன்னலட்சுமி. பரவாயில்லையாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பொன்னுத்துரையிடமிருந்து கார்டு வந்தது. பேசுவதுபோலவே எழுதுகிற மனுஷர். சாப்பிட்டுவிட்டு அன்னலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன்.

"சாமான் வந்து பூட்டியாச்சு. எஞ்சின் முதல் அடியிலேயே பிடிச்சுது. கார் இப்ப ஹாஜியார் வீட்டு ஷெட்டிலை நிக்குது, புது ட்ரைவர், திரையும் புதுசு. உம்மைப் பற்றி இஞ்சை இன்னும் பழைய கதைதான், நான் எதிர்த்துக் கதைச்சாலும் நம்புறாங்கள் இல்லை. ஹாஜியார் வீட்டம்மா கட்டுகஸ்தோட்டை பஸ்ஸிலை போனதை ஆரோ கண்டு ஹாஜியாருக்குச் சொல்லியிருக்கினம். ஓம், போனனான் எண்டு மட்டும் சொன்னாவாம், ஏன் எண்டு சொல்லேல்லையாம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கோர்ட் முன்னாலை நிண்டு பிலிமத்தலாவை பஸ் ஏறுறா. கார் சும்மா நிக்குது. ஹாஜியார் வாயே திறக்கிறதில்லை. நானே என்ரை கண்ணாலை கண்டனான், ஆரும் பிடிச்சுவிடாமல் தானாகவே ஏறினா."

என்னைப் பற்றிய வரி வந்தபோது அன்னலட்சுமி தட்டுகளை எடுத்து அடுக்கினாள். கையைக் கழுவிவிட்டு வந்து, பஸ் ஏறின இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.